ஒரு சாண் இறங்கிய கல்லை ஏற்றி வைத்தவருக்கு

ஆற்றுக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே அயராது கோடு கிழித்த அன்னையே! செங்கல்லை நம்பாமல், சிமெண்டில் மயங்காமல், சிபாரிசு என்று வந்தவரிடம் மட்டும் செவிடாகிப் போன சீலமே! வரைபடத்தின் வழுவைக் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடிக்கும் கழுகுப் பார்வையே! முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டட அனுமதிப் பிரிவின் கண்ணும் கையும் கண்டிப்புமாய் விளங்கி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! தங்களைத் தலைதாழ்த்தி வணங்கி இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

இந்நேரம் தங்கள் வலக்கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். "அயராதுன்னா எத்தனை மணி நேரம்? அளந்து எழுதுங்க" என்று எங்கள் கோப்புகளின் ஓரத்தில் எழுதி எழுதியே எங்களை எழுதக் கற்றுக்கொள்ள வைத்தவர் தாங்கள். ஆகவே அடைமொழிகளை மேலே உள்ள பத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம். இனி வருவதெல்லாம் அளந்து எழுதியவை. இன்று ஒரு நாள் மட்டும் பேனாவைப் பைக்குள்ளேயே வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

கோட்டுக் காவலரே! தாங்கள் பணியேற்ற நாளில், ஆற்றோர நிலத்தில் வீடு கட்டுவதற்கான விதிகள் நாற்பத்திரண்டு பக்கங்களில், படித்தவருக்கும் தலை சுற்றும் நடையில் இருந்தன. அவற்றைத் தாங்கள் ஒரே தாளில் அடக்கி முன்மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்தீர்கள். நீர் தங்கும் இடம், நீர் தாண்டும் இடம், நீர் எட்டிப் பார்க்கும் இடம் என்று ஊரை மூன்றாகப் பிரித்தீர்கள். தங்கும் இடத்தில் காய்கறி போடலாம், பந்து விளையாடலாம், வீடு மட்டும் கூடாது. தாண்டும் இடத்தில் தூண்மேல் கட்டலாம்; கீழே வண்டி நிறுத்தலாம், ஆள் படுக்கக் கூடாது. எட்டிப் பார்க்கும் இடத்தில் தாராளமாகக் கட்டலாம். ஆனால் பழைய பெருவெள்ளம் தொட்ட கோட்டுக்கு மேல் ஓரடி உயரத்தில் தரை இருந்தாக வேண்டும். இதைப் புரியவில்லை என்று சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம்.

பிடிக்காதவர்களுக்காகத்தான் தங்கள் கைப்பையில் எப்போதும் நீலச் சாக்பீஸ் இருந்தது. மனுவோடு வந்து வாதாடியவரிடம் தாங்கள் வாதாடியதே இல்லை. நேரே அவர் மனைக்குப் போய், பக்கத்துச் சுவரில் வெள்ளக்கோட்டை வரைந்து, "இங்க வந்து நில்லுங்க. உங்க சின்னப் பொண்ணையும் கூப்பிடுங்க. கோடு அவளுக்கு எங்க வருதுன்னு நீங்களே பாருங்க" என்பீர்கள். கோடு குழந்தையின் மூக்குக்கு மேலே போவதைப் பார்த்த எந்தத் தகப்பனும் மேற்கொண்டு பேசியதில்லை. ஊரார் தங்களுக்குக் 'கோடு மேடம்' என்று பெயர் வைத்தது இப்படித்தான். கோபத்தில் வைத்தவர்களும் பிறகு பாசத்தோடு அதே பெயரில் அழைத்ததை நாங்கள் காதாரக் கேட்டிருக்கிறோம்.

வழக்கமான மடலாக இருந்தால், இந்த இடத்தில் வாழ்த்திவிட்டு மாலையை எடுத்திருப்போம். ஆனால் நாங்கள் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. அது எங்கள் தவறு. ஊர் கூடியிருக்கும் இம்மன்றத்தில் அதைச் சொல்லாமல் தங்களை அனுப்பி வைத்தால், இந்த மரச்சட்டத்துக்குள் இருப்பது வெறும் வண்ணத்தாள்.

நம் அலுவலகத்தின் முதற்படியில் ஒரு கருங்கல் உண்டு. அதன் நடுவே அம்புக்குறி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அதுதான் மட்டக்கல். இந்த ஊரின் உயரங்களெல்லாம் அந்தக் கல்லிலிருந்துதான் புறப்படுகின்றன. கல்லுக்கு மேல் நான்கடியில் பழைய வெள்ளத்தின் கோடு. ஐந்தடியில் வீட்டுத் தரை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தங்கள் வீட்டுக்காரரின் கண் அறுவைக்காகத் தாங்கள் மூன்று வாரம் விடுப்பில் இருந்தீர்கள். அப்போது, அந்தப் படி உயரமாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று நாங்கள் பதினேழு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். முதற்கையெழுத்து நம் அலுவலக உதவியாளர் அண்ணனுடையது. "இது படியா, மலையா? கட்டினவனுக்கு முழங்காலே கிடையாதா?" என்று அவர்தான் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் வந்தார், படியை உடைத்தார், ஒரு சாண் தாழ்த்திக் கட்டினார். அம்புக்குறிக் கல்லை வீணாக்கக் கூடாது என்று அதே இடத்தில் அழகாகப் பதித்தும் விட்டார். "கல்லுல ஒரு கீறல் கூட விழல சார். அலுங்காம எடுத்தேன், அலுங்காம வெச்சேன்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, உயரத்தை அளந்து பிழைக்கும் பதினேழு பேரும் கைதட்டினோம்.

தாங்கள் திரும்பி வந்த அன்று படியேறி, "பரவாயில்லையே, இப்பதான் மனுஷங்க ஏறுற படியா இருக்கு" என்றீர்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் ஊரின் புது வீடுகளுக்கெல்லாம் அந்தத் தாழ்ந்த கல்லிலிருந்தே மட்டம் எடுத்தோம். கல்லோடு சேர்ந்து தரைகளும் ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குலம், தாழ்ந்தன. ஓரடிப் பாதுகாப்பில் மிஞ்சியது மூன்றே அங்குலம். அது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு தையல்காரப் பெண்மணி ஒருவர் முன்மேசைக்கு வந்து, "பக்கத்து வீடும் எங்க வீடும் ஒரே மனை, ஒரே விதி. அவங்க தரை மட்டும் ஏன் ஒரு சாண் ஒசரம்? எங்களுக்கு என்ன, பள்ளத்துல பங்கா?" என்று கேட்டார். அண்டை வீட்டுச் சண்டை என்று நாங்கள் சிரித்து அனுப்பப் பார்த்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டுக் கோப்புகளையும் எடுத்தீர்கள். பழைய பாலத்தின் தூணில் இருக்கும் வெள்ளக் குறியிலிருந்து நம் வாசல் வரை, மட்டக்கருவியோடு அடி அடியாய் அளந்துகொண்டே வந்தீர்கள். மாலை ஐந்து மணிக்குப் படியின் முன்னால் வந்து நின்று, "கல்லு தானா உக்காந்துச்சா, இல்ல நாம உக்கார வெச்சோமா?" என்று கேட்டீர்கள். தாங்களும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "படி இறங்கினா கல்லும் இறங்கும்னு எனக்குமே தோணலையே. ஏறும்போது சந்தோஷமாத்தானே ஏறினேன்" என்றீர்கள். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், அம்மையீர்.

மறுநாள் மேலதிகாரி தங்களை அழைத்து நல்லதாகத்தான் சொன்னார்: "எழுத்துல போனா விசாரணை உங்க பேர்லதான் வரும். இன்னும் ஒரு வருஷந்தானே? பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுங்க." அதற்குத் தாங்கள் சொன்ன மறுமொழி கதவுக்கு வெளியே நின்ற எங்கள் காதிலும் விழுந்தது. "மழைக்கு அஞ்சு மாசம் இருக்கு சார். நான் ரிட்டயர் ஆகுற தேதி ஆத்துக்குத் தெரியாது." அன்றே எழுதிக் கொடுத்தீர்கள். 'மட்டக்கல் என் பொறுப்பு. முப்பத்தேழு வீடுகளின் தரை என் கையெழுத்தால் தாழ்ந்துள்ளது.' எங்கள் மனுவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் அந்தக் கடிதத்தோடு சேர்க்க எங்கள் பங்கை எழுதிக் கையெழுத்திட இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். படியைத் தாழ்த்தக் கேட்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்த எங்களுக்கு, அதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் வேண்டியிருந்தது. வெட்கத்தோடு அதையும் இங்கே பதிந்து வைக்கிறோம்.

முப்பத்தேழு வீடுகளில் இருபத்திரண்டு அஸ்திவாரத்தில் நின்றன. அவற்றை உயர்த்துவது எளிதாக முடிந்தது. மீதிப் பதினைந்தில் குடும்பங்கள் குடியேறியிருந்தன. ஒவ்வொரு கதவையும் தாங்களே தட்டினீர்கள். "தப்பு எங்களோடது. உங்க தரை ஒரு சாண் தாழ்ந்திருக்கு. உள்ள வந்து காட்டலாமா?" ஒருவர் கத்தினார். ஒருவர் கதவைச் சாத்தினார். தையல்காரப் பெண்மணி முக்காலியை எடுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க மேடம்" என்றார். பதினைந்தாவது கதவு நம் அலுவலக உதவியாளர் அண்ணனுடையது! "என் முட்டிக்காகப் படியை எறக்கச் சொன்னேன். என் வீட்டையே எறக்கிட்டேனே மேடம்" என்று அவர் உடைந்து அழுதார். "அழுது தண்ணி மட்டத்தை ஏத்தாதீங்கண்ணே. போய்ச் சட்டியை எடுங்க, மண்ணு கொட்டணும்" என்றீர்கள். விடுமுறை நாட்களில் நாங்களும் போய் மண் சுமந்தோம். நிர்வாகம் தன் தவறைத் தானே ஏற்று ஆட்களை அனுப்பியது. வீடு வீடாகத் தரையை உயர்த்திப் புதிதாகப் பூசினோம். கதவுகளின் அடியில் ஒரு சாண் அறுத்தோம்.

ஒருவர் மட்டும் கடைசி வரை இணங்கவில்லை. அவர் தச்சுப் பட்டறைக்காரர். "தேக்குக் கதவு மேடம், என் கையால இழைச்சது. அதுல ஒரு சாண் அறுக்கிறதும் என் விரலை அறுக்கிறதும் ஒண்ணுதான்" என்றார். தாங்கள் ஐந்து முறை போனீர்கள். ஆறாவது முறை சாக்பீஸை எடுத்து அந்தக் கதவிலேயே கோடு வரைந்துவிட்டு வந்தீர்கள்.

ஐப்பசி பிறந்து ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் நண்பகலில் ஆறு உள்ளே வந்தது. பழைய கோட்டைத் தொட்டது; தொட்டதோடு நிற்காமல் அரையடி மேலேயும் ஏறியது. தாழ்ந்த கல்லின் கணக்கில் விட்டிருந்தால், முப்பத்தேழு வீடுகளிலும் தரையின் மேல் மூன்றங்குலத் தண்ணீர் நின்றிருக்கும். முப்பத்தாறு வீடுகளில் தண்ணீர் தரைக்கு அரையடி கீழே வந்து நின்றது, சற்று யோசித்தது, வந்த வழியே போனது. நம் உதவியாளர் அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்றபடி நம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூவினார்: "உள்ள வரல மேடம்! எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு!" அன்று அந்தத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தாங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதை நாங்கள் பார்த்தோம். கேட்கவில்லை. இன்று கேட்கிறோம்: அழுதீர்கள்தானே?

தச்சர் அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் வீட்டில் மட்டும் தண்ணீர் புகுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவுதான் ஊறிப் பருத்து மூட மறுத்தது. மறு வாரமே அவர் தன் கையாலேயே ஒரு சாண் அறுத்தார். இந்த மடலைத் தாங்கியிருக்கும் சட்டம், அந்தத் தேக்குத் துண்டில் அவர் இழைத்துத் தந்தது.

விசாரணை முடிந்து, தங்கள் பணிப்பதிவேட்டில் எச்சரிக்கை என்று ஒரு வரி ஏறியது. "அதையும் மடல்ல எழுதுங்க, விட்டுடாதீங்க" என்று தாங்கள் கட்டளையிட்டபடி எழுதிவிட்டோம். எழுதச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறோம். தாங்கள் வரைந்து கொடுத்த திருத்தம் சென்ற மாதம் விதியாகிவிட்டது. வெள்ளக்கோடு அரையடி உயர்ந்துவிட்டது. மட்டக்குறி இப்போது பாலத்தூணிலும் பள்ளிச் சுவரிலும் நம் வாசலிலுமாக மூன்று இடத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் மூன்றையும் ஒத்துப் பார்த்த பிறகே புது மனுவை எடுக்க முடியும். இனி ஒரு கல் ஏமாற்றினாலும் மற்ற இரண்டு காட்டிக் கொடுத்துவிடும். நாளை முதல் இந்த ஊரில் அளக்கப்படும் ஒவ்வொரு தரையும் தங்கள் தரைதான்.

அம்மையீர்! நீர் எட்டிப் பார்க்காத மேட்டில் தங்கள் இல்லம் நிலைக்கட்டும்! அறுவை செய்த கண்ணால் தங்கள் வீட்டுக்காரர் தங்களை அலுக்காமல் பார்த்திருக்கட்டும்! மழை பெய்யும்போது மாடத்தில் நின்று வெறுமனே மழையை மட்டும் பார்க்கும் சுகம் இனியாவது தங்களுக்குக் கிட்டட்டும்! குன்றாத உடல்நலத்தோடும் குறையாத கண்டிப்போடும் நீடு வாழ்க! சாக்பீஸை மட்டும் எங்களிடம் விட்டுச் செல்க!

நிறைவாக ஒரு விண்ணப்பம். விழா முடிந்து தாங்கள் வெளியே செல்லும்போது வாசலில் கவனம் வேண்டும். சென்ற வாரம் அந்த முதற்படியைப் பழைய உயரத்துக்கே கட்டிவிட்டோம். கல்லை ஏற்றி வைத்து, பாலத்தூணோடு மூன்று முறை ஒத்துப் பார்த்துவிட்டோம். அதற்கான மனுவிலும் முதற்கையெழுத்து உதவியாளர் அண்ணனுடையதுதான். படி உயரம், மேடம். பாத்து இறங்குங்க. கை கொடுக்க நாங்கள் கீழே நிற்கிறோம்.

இங்ஙனம்,
வலிக்கும் முழங்கால்களோடும் நிறைந்த நெஞ்சோடும்,
அன்று தாழ்த்தக் கையெழுத்திட்ட அதே பதினேழு பேர்,
கட்டட அனுமதிப் பிரிவு