மூணாம் நம்பர் போர்த் தண்ணி

– பேப்பரைக் கசக்காதீங்க மேஸ்திரி. கசக்கினா நம்பர் மாறிடாது.

– மாறணும்மா. லேபுல எவனோ தூங்கிட்டு எழுதியிருக்கான்.

– ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டாங்க. பெல்கிரேடு லேபுக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். “நெவெனா, நீ மண்ணுல துளை போட்டியா, கழுவுற தொட்டிக்குள்ளயே போட்டியா?”ன்னு அவன் என்னைத் திருப்பிக் கேக்குறான்.

– நக்கலு.

– குடிக்கிற தண்ணியில ட்ரைக்ளோர் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல இருந்தாலே மூடிருவாங்க. மூணாம் நம்பர் போர்ல நானூத்திப் பத்து. ட்ரைக்ளோர்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இருபத்தாறு வருஷம் இந்த ஃபாக்டரியில அதை ஊத்தித்தான் ஸ்க்ரூவோட எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினவர் நீங்க.

– கழுவினோம். முழங்கை வரைக்கும் முக்கிக் கழுவினோம். செத்தா போயிட்டேன்?

– கழுவி முடிச்சதை எங்க ஊத்துனீங்க?

– ஷெட்டுக்குப் பின்னால. எல்லாரும்தான் ஊத்தினாங்க. அப்ப எந்தப் படிச்சவனும் வந்து வேணாம்னு சொல்லலையே. ஃபாக்டரியை மூடி முன்னூறு பேரை வீட்டுக்கு அனுப்பினப்பதான் பேப்பரைத் தூக்கிட்டு வந்தீங்க. இப்ப பதினாறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வீடு கட்ட வர்றான், என் மருமகனுக்கும் வேலை தர்றேங்கறான். உடனே மறுபடியும் ஒரு பேப்பர்.

– அந்த வீடுகளோட தரைத்தளத்துல குழந்தைகள் காப்பகம் வரப்போகுது. இது ஆவியா மேல ஏறி வரும் மேஸ்திரி. தரை வழியா, அதுங்க தூங்குற எடத்துக்கே வரும். நாளைக்கு நகரசபைக்கு இதை அனுப்பத்தான் போறேன்.

– எவன் சொல்லி நீ இதைச் செய்யற? இந்த எடத்து மேல வேற யாருக்கோ கண்ணு, அதானே?

– அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க. மூணு நாள் இந்தச் சேத்துல நின்னு தண்ணி எடுத்திருக்கேன். துளை போடறப்ப மூணாவது மீட்டர்லயே மண்ணு நாறினதை நீங்களும் பக்கத்துல நின்னு மோந்தீங்க.

– மண்ணு நாறட்டும். போர்லயும் இருக்கட்டும். ஆனா உன் பாட்டில்ல இருக்க முடியாதும்மா. முடியவே முடியாது.

– ஏன்?

– விடு.

– என் பாட்டில்ல மட்டும் ஏன் இருக்க முடியாது? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

– தண்ணி எடுத்த அன்னிக்கு, பாட்டில் பெட்டிக்கு ஐஸ் வாங்கறேன்னு மத்தியானம் போனியே. அப்போ மூணாம் நம்பர் பாட்டிலைக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தினேன்.

– வீடு கட்ட வர்ற முதலாளி சொன்னாரா?

– யாரும் சொல்லல. ரிப்போர்ட் நல்லபடியா வந்தா வேலை தொடங்கிடும்னு நானே செஞ்சேன்.

– என் கையெழுத்து இருக்கு அந்த லேபிள்ல. நாளைக்கு அங்க குழந்தைங்க படுக்கும்னு தெரிஞ்சும் செஞ்சிருக்கீங்க. உங்களை மேஸ்திரின்னு கூப்பிட்டேனே, என்னைச் சொல்லணும்.

– திட்டு. கேஸ் போடு. ஆனா அந்த நம்பர் பொய்ங்கறதாவது ஒத்துக்கோ. நான் ஊத்தினது சுத்தமான தண்ணி.

– எங்கேர்ந்து எடுத்தீங்க?

– தினம் குடிக்கக் கொண்டு வர்றேனே, அந்த கேன்லேர்ந்து.

– கேன்ல எங்க பிடிக்கறீங்க?

– வீட்டு முற்றத்துக் கிணத்துல. பைப் தண்ணி குளோரின் நாறுதுன்னு எங்க கீழ்த்தெருவுல யாரும் அதைக் குடிக்கறதில்ல. எல்லார் வீட்டுலயும் கிணறு, மோட்டார்.

– கீழ்த்தெருன்னா, ஷெட்டுக்கும் மொராவா ஆத்துக்கும் நடுவுலயா?

– ஆமா. இங்கேர்ந்து முன்னூறு மீட்டர்தான். அதுக்கென்ன?

– இந்த நிலத்தடித் தண்ணி அந்தப் பக்கமாத்தான் ஓடுது மேஸ்திரி. ஆத்தைப் பாத்து.

– கண்ணாடி மாதிரி இருக்கும்மா எங்க தண்ணி. வாசனையே கிடையாது.

– இந்த அளவுக்கு வாசனை வராது. கேன்ல கிடந்ததுல பாதி பறந்தும் போயிருக்கும். கிணத்துல இதைவிட ஜாஸ்தி இருக்கும். உக்காருங்க. வீட்டுல இப்ப யாரு இருக்கா?

– பொஞ்சாதி இருக்கா. இரு. நம்பர் அமுக்க வரல, நீ அமுக்கிக் குடு. ஸ்லாவ்கா? நான்தான். அடுப்புல என்ன கொதிக்குது? கொட்டு. மக குழந்தைக்குப் பால் கலந்து வெச்சிருப்பா, அதையும் கொட்டு. ஏன்னு கேக்காத. கொட்டிட்டு தெருவுல இறங்கி ஒவ்வொரு கதவாத் தட்டு.