வியாகுலம்மாள் முகத்தில் ஏது எண்ணெய்?

இன்னாசி: க்ரீமு? உனக்கு? இத்த நான் நம்பணும்?

வியாகுலம்மாள்: யோவ், கடையில வந்து கத்தாத. எம்மூஞ்சி, நான் போட்டுக்கறேன். உனக்கு இன்னா வந்துச்சி?

இன்னாசி: கட்டிகினு வந்து இருவத்தாறு வருசம். காசிமேட்டு வெயில்ல குந்தி மீன் வித்தப்போ எல்லாம் வராத க்ரீமு இன்னிக்கு வருதா?

வியாகுலம்மாள்: ஜெமிமா, நீ எடுத்துக் காட்டும்மா. அது அப்டித்தான் கூவிகினு கெடக்கும். மீன் புடிக்கத் தடைக்காலம், போட்டு எதுவும் கடலுக்குப் போவல. கரையில சும்மா குந்திகினு கீறதுக்கு எங்கூட மல்லுக்கு நிக்கிது.

இன்னாசி: யாரு சும்மா குந்திகினு கீறது? டெய்லி காலீல வலை கட்டப் போறேன்ல?

வியாகுலம்மாள்: போற, போற. வலை கட்டுற கையில ஒரு நூல் அறுப்பு கூட இல்ல.

இன்னாசி: பேச்ச மாத்தாத!

ஜெமிமா: அங்கிள், கடையில வேற ஆளுங்க கீறாங்க... ஆன்ட்டி, இந்த டப்பா எடுத்துக்கோங்க. நல்லா கெட்டியா இருக்கும். உங்க மூஞ்சி ரொம்ப காஞ்சி கீது பாருங்க.

வியாகுலம்மாள்: அது வேணாம். எண்ணெ வழியிற மூஞ்சிக்குப் போடுவாங்களே, அத்த குடு.

ஜெமிமா: உங்களுக்கு எங்க ஆன்ட்டி எண்ணெ...

இன்னாசி: கேளும்மா, நல்லா கேளு! மூஞ்சி கருவாடு கணக்கா கீது, எண்ணெ வழியுதாம்!

வியாகுலம்மாள்: வழியுது. மத்தியானத்துல வழியுது.

ஜெமிமா: பருவும் வருதா?

வியாகுலம்மாள்: வருது. தாடை பூரா. தோலும் உரியுது.

ஜெமிமா: ஒண்ணுமே காணோமே ஆன்ட்டி...

வியாகுலம்மாள்: உள்ள கீது!

இன்னாசி: உள்ளயா!

ஜெமிமா: சரி சரி... மூஞ்சிக்கு இன்னா சோப்பு போட்றீங்க?

வியாகுலம்மாள்: துணி சோப்பு.

ஜெமிமா: ஐயையோ! மூஞ்சிக்கா?

வியாகுலம்மாள்: மீன் வித்துட்டு வந்தா கைக்கு நாங்கல்லாம் அத்தத்தான போடுவோம்? அதான வாசன போவும். அத்தயே அவ மூஞ்சிக்கும்... நானு. நான் மூஞ்சிக்கும் தேச்சிகினேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு வாட்டி.

இன்னாசி: "அவ"வா? எவ?

வியாகுலம்மாள்: நாக்கு புரண்டுச்சி. வுடு.

ஜெமிமா: அதான் ஆன்ட்டி விசயமே. தேச்சித் தேச்சிக் கழுவுனா தோலு வறண்டுபூடும். எண்ணெ மூஞ்சியாச்சே, க்ரீம் எதுக்குன்னு எல்லாரும் வுட்டுட்றாங்க. அப்புறம் தோலும் உரியும், எண்ணெயும் நிக்காது. மாய்ஸ்சரைசர் போட்டே ஆவணும். ஆனா பிசுக்குன்னு கீறது வேணாம், தண்ணி கணக்கா கீற ஜெல்லுதான். தோ, நம்ம கிறிஸ்டினாக்கா கூட முன்ன இதத்தான் வாங்கு...

இன்னாசி: ஏய்!

ஜெமிமா: ...சாரி அங்கிள்.

இன்னாசி: அந்தப் பேர எடுக்காத! கோயில்ல ரெண்டு ஓலை படிச்சாச்சி. இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு ஞாயித்துக்கெழம சாமியாரு மைக்குல படிச்சாரு. நான் முன் பெஞ்சுல நிமுந்து குந்திகினு கேட்டேன். மூணாவது ஓலைக்குள்ள இவ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அந்த அறிவுன்ற பையனோட மாலை மாத்திகினா. ராயபுரமே சிரிச்சிது!

வியாகுலம்மாள்: சிரிச்சி முடிச்சிட்டு அவன் அவன் வேலையப் பாக்கப் போயிட்டான். நீதான் எட்டு மாசமா அங்கயே நின்னுகினு கீற. பெத்தது ஒண்ணே ஒண்ணு...

இன்னாசி: அப்போ இது அவளுக்குத்தான்!

வியாகுலம்மாள்: ஜெமிமா, அந்த ஜெல்ல எடும்மா.

இன்னாசி: இங்க பாரு! நம்ம வூட்ல எண்ணெ வழியிற மூஞ்சி எனக்கு. அதே மூஞ்சி அவளுக்கு. உனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? என்னை இன்னா கேனைன்னு நெனச்சியா?

வியாகுலம்மாள்: ஆமா, அவளுக்குத்தான்! இப்ப இன்னான்ற? செவ்வாக்கெழமயும் சனிக்கெழமயும் சாயங்காலம் மீன் எடுத்துகினு புளியந்தோப்புக்குப் போறேன். எம்பொண்ண நான் பாக்கறேன். கத்தணுமா? கத்து. இன்னும் பலமா கத்து, மார்க்கெட்டு வரைக்கும் கேக்கட்டும்.

இன்னாசி: திருட்டுத்தனம்! எனக்குத் தெரியாம!

வியாகுலம்மாள்: தெரிஞ்சா வுட்டுருப்பியா?

இன்னாசி: ...துணி சோப்ப எதுக்குத் தேய்க்குது அது?

வியாகுலம்மாள்: உனக்கு எதுக்கு?

இன்னாசி: கேட்டதுக்குச் சொல்லு! அந்த வூட்ல எவனாவது மூக்கப் பொத்துனானா? எவன்? பேரச் சொல்லு!

வியாகுலம்மாள்: ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பையன் தங்கம். அவன் அம்மா ராஜாத்தி, முள்ளு எடுத்து இவ தட்டுல மீன் வெக்கிது. இதுவாதான் பயந்துகினு... மீன்காரி பொண்ணு, வாசன வருதுன்னு மனசுல கூட யாரும் நெனச்சிடக் கூடாதாம். தேச்சித் தேச்சி மூஞ்சி வெந்து கீதுய்யா. பாத்தா வயிறு எரியுது.

இன்னாசி: லூசு! அந்த வாசனையிலதான சோறு தின்னுச்சி? அந்த வாசனையிலதான காலேஜி போச்சி?

வியாகுலம்மாள்: அத்த நீயே போயி அதுகிட்ட சொல்லேன்.

இன்னாசி: நான் ஏன் போறேன்? செத்தாலும் போவ மாட்டேன்.

ஜெமிமா: ஆன்ட்டி... ரெண்டு கீது. இது சாதா ஜெல்லு. வாசன கெடையாது, ஒண்ணும் கெடையாது. இது பருவுக்கும் சேத்து மருந்து கலந்தது, ரெட்டினால்னு. ஆனா முழுகாம கீறவங்க போடக் கூடாது, அட்டையிலயே போட்டு கீது. அக்காவுக்கு... விசேசம் ஏதாவது?

வியாகுலம்மாள்: சாதா எவ்ளோம்மா?

இன்னாசி: கேக்குதுல்ல அந்தப் பொண்ணு? சொல்லு.

வியாகுலம்மாள்: இல்ல. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சாதாவே குடு.

இன்னாசி: ஏன் சாதா? தாடை பூரா பருவுன்னு சொன்ன? மருந்து போட்டதே வாங்கு.

வியாகுலம்மாள்: சாதாவே போதும்ன்றேன்ல?

இன்னாசி: ஏன் போதும்? எதையாவது மறைக்கிறியா?

வியாகுலம்மாள்: நான் இன்னாத்த மறைக்கப் போறேன்?

இன்னாசி: அப்ப வாங்கு அத்த.

வியாகுலம்மாள்: ...சரி. மருந்து போட்டதே கட்டும்மா.

இன்னாசி: நல்லா யோசிச்சி சொல்றியா?

வியாகுலம்மாள்: யோசிக்க இன்னா கீது! கட்டு ஜெமிமா. எவ்ளோ ஆச்சி?

இன்னாசி: அத்த வை கீழ! ஜெமிமா, வைம்மா! சாதாவ எடு. மூணாவது மாசம் நடக்குது எம்பொண்ணுக்கு.

ஜெமிமா: அங்கிள்...

வியாகுலம்மாள்: உனக்கு... யாரு சொன்னா?

இன்னாசி: பெத்த தாயி, தெரிஞ்சே அந்த மருந்த வாங்கறியே! அறிவு கீதா உனக்கு?

வியாகுலம்மாள்: நாளைக்கு வந்து மாத்திகினு போயிருப்பேன்யா! உன் காதுல வுழக் கூடாதுன்னுதான் தலைய ஆட்டுனேன். அன்னிக்கு கோயில் வாசல்ல நின்னு இன்னா சொன்ன? "அவ வயித்துல ஒண்ணும் தங்காது"ன்னு சொன்னல்ல? அந்த வாய்க்குப் பயந்துதான் ஒளிச்சேன்.

இன்னாசி: ...சொன்னேன். சொல்லிட்டு எட்டு மாசமா தூங்கல.

வியாகுலம்மாள்: மூணு மாசம்னு உனக்கு யாரு சொன்னா? அத்த மொதல்ல சொல்லு.

இன்னாசி: அதுவேதான் சொல்லுச்சி. வலை வேல முடிஞ்சி இருவது நாளாவுது. டெய்லி காலீல புளியந்தோப்புக்குத்தான் போய்கினு கீறேன்.

வியாகுலம்மாள்: அடப்பாவி! செவ்வாக்கெழம கூட போனேனே... அப்பா வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு அவ!

இன்னாசி: நீ வர்றன்னு மட்டும் எங்கிட்ட சொன்னாளா? ரெண்டு பேரு மீனையும் வாங்கித் தின்னுட்டு, கம்முனு கீது கழுத!