கைநாட்டு

இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா, கையெழுத்தெண்டால் எத்தினை வேணுமெண்டாலும் எடுத்துத் தருவன். நீர்ப்பாசனக் கந்தோரிலை வேலை பாத்த என்ரை மனிசன் கைநாட்டு எங்கை வைச்சவர்? வவுனியா ஆசுபத்திரிப் பிரேத அறையிலை கிடக்கிறவற்றை பெருவிரலை மையிலை எடுத்த கடதாசியை நேற்றுத் தந்திட்டு, இவற்றை விரல் அடையாளம் வீட்டிலை எதிலையும் இருக்கோ எண்டு கேட்டியள். அப்ப இல்லையெண்டிட்டன். பிறகுதான் நினைவு வந்தது. கதிரையைக் கொஞ்சம் இஞ்சாலை இழுத்துப்போட்டு இருங்கோ. மெல்லக் கதைப்பம், மாமி குசினிக்கை நிக்கிறா.

ஓம், விளையாட்டுப் பிளேன்தான், ஒட்டிச் செய்யிறது. இலண்டனிலை இருக்கிற என்ரை தம்பி துண்டு துண்டாய்ப் பெட்டியோடை அனுப்பினவன். பிள்ளையள் இல்லாத வீட்டுக்கு உது ஏன் எண்டு மாமி கேட்டவா. ஏன் மாமி, உங்கடை பிள்ளை இருக்கிறாரே எண்டனான்.

இந்தச் செட்டையைப் பாருங்கோ. மேல்பாதி வேறை, கீழ்ப்பாதி வேறை. ஒட்டுறது இந்தப் போத்திலிலை இருக்கிறதாலை. பேர் சீமெந்து, பார்வைக்குப் பச்சைத்தண்ணி. மணந்து பாக்காதேங்கோ, தலை சுத்தும். பசை மாதிரிப் பூசி அமத்துறேல்லை ஐயா. முதல் ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்கவேணும். பிறகு தூரிகை நுனியாலை பொருத்திலை ஒருக்காத் தொட்டால் காணும், விளக்குத்திரியிலை எண்ணெய் ஏறுமே, அப்பிடித் தானே பொருத்து வழிய ஓடிப்போகும். நான் பௌதிகம் படிப்பிக்கிறனான், அது ஓடுறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஆசை. ஓடின இடமெல்லாம் பிளாஸ்ரிக்கைக் கரைச்சு ஒண்டாக்கிப் போடும். காய்ஞ்சாப்பிறகு பிரிக்க ஏலாது, உடைக்கத்தான் ஏலும்.

பிடிக்கிற விரல் மட்டும் பொருத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. போனால் சீமெந்து விரலுக்குக் கீழையும் ஊர்ந்துவிடும். அதுதான் நடந்தது. இவர் பிடிச்சவர், நான் தூரிகை வைச்சனான். இஞ்சேருங்கோ, விரலைத் தள்ளிப் பிடியுங்கோ எண்டனான். குளத்து அணைக்கட்டையே பிடிச்சு வைச்சிருக்கிறவன் உதைப் பிடிக்கமாட்டனோ எண்டு பகிடி விட்டார். விரலை எடுத்துப் பாத்தால், பெருவிரல் ரேகை அப்பிடியே பிளாஸ்ரிக்கிலை இறங்கியிருக்கு. அரத்தாளாலை தேச்சுவிடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். ரீச்சற்றை புருசன் கைநாட்டுக்காரன் எண்டு ஊருக்கும் தெரியட்டும் எண்டு சிரிச்சார்.

அதுக்குப் பிறகு புயல். குளம் பாக்கப் போனவர், திரும்பி வரேல்லை. மிச்சம் உங்கடை விசாரணையிலை இருக்கு. ஆசுபத்திரியிலை அந்த முகத்தைக் காட்டினியள், தெரியேல்லை எண்டனான். அது பொய்யில்லை ஐயா. தண்ணியிலை கிடந்து அது முகமாய் இருக்கேல்லை.

ஓம், முன்வீட்டு இளையதம்பி புயலுக்குப் பிறகு வவுனியா றெயில் ஸ்ரேசனிலை இவரைக் கண்டவராம். தூரத்திலை கண்டது, கூப்பிட முதல் சனத்துக்கை மறைஞ்சிட்டாராம். மாமி அந்தக் கதையைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. ரோட்டிலை பஸ் நிண்டால் எட்டிப் பாப்பா. இண்டைக்கும் மகனுக்கும் சேத்துத்தான் உலை வைச்சிருக்கிறா. கேக்குதோ, தேங்காய் துருவுற சத்தம்.

யன்னல் வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. கடதாசியிலை கறுப்பாய் இருக்கிற கோடு இதிலை பள்ளமாய் இருக்கும். குறுக்கை ஒண்டு ஓடுதெல்லோ, அது ரேகையில்லை, தழும்பு. நுங்கு வெட்டேக்கை கத்தி பட்டது. மையிலை எடுத்தாலும் இதிலை அமத்தினாலும் விரல் ஒரே பக்கமாய்த்தான் விழும், அதாலை திருப்பிப் பாக்கத் தேவையில்லை.

கொழும்புக்கு அனுப்பித்தான் முடிவு சொல்லலாமெண்டு எனக்கும் விளங்குது. அனுப்புங்கோ. நான் விடியவே பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்திட்டன். சுழியும் சரி, தழும்பும் சரி.

மாமிக்கு இன்னும் சொல்லேல்லை. சமைச்சு முடிக்கட்டும். சொன்னாப்பிறகு இந்த வீட்டிலை அடுப்பு எரியாது.

பெட்டிக்கை பஞ்சு வைச்சிருக்கிறன், ரேகை இருக்கிற இடத்திலை ஒருத்தரும் கை வைக்கவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை ஐயா. அவரைத் தந்தால் நாங்கள் எரிக்கத்தான் போறம். இதை மட்டும் எனக்குத் திருப்பித் தந்திடுங்கோ.