பென்சிலில் எழுதிய மூன்றாம் நிரல்

1983 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஆடிக் கலவரத்தை அடுத்து, இரத்மலானை விமான நிலைய அகதி முகாமில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் பதினாறு பேர் இருந்தனர்.

இந்தக் கணக்கைத் தங்களிடம் எவரும் கேட்கவில்லை. தாங்களும் மாற்றுடையின்றி அதே முகாமில்தான் இருந்தீர்கள். சோற்றுக்கு நின்ற வரிசையிலேயே ஒவ்வொருவரின் பெயரையும் பாடசாலையையும் கேட்டு, பாண் சுற்றிவந்த தாளில் குறித்துக்கொண்டீர்கள்.

கணிப்பில் கண்ணியமும் கடமையில் கண்டிப்பும் காத்த பெருந்தகையீர், எமது கல்விப் பணிமனையில் ஆசிரியர் கணக்கைப் பார்க்கும் ஆளணிப் பகுதியைப் பதினெட்டு ஆண்டுகள் தாங்கிநின்ற பிரதம எழுதுவினைஞர், திருவாளர் கந்தையா நாகேந்திரம் அவர்களே, 1999 யூன் 30ஆம் திகதியாகிய இன்று ஓய்வுபெறும் தங்களுக்கு எமது வணக்கம்.

அந்தப் பதினாறு பேரில் பன்னிருவர் வடக்குக்குக் கப்பலேறினர். தாங்கள் பணிமனைக்குத் திரும்பினீர்கள். அடுத்த தை மாதம், முப்பத்தொரு ஆசிரியர் வேண்டிய வெள்ளவத்தைப் பாடசாலையொன்றில் பத்தொன்பது பேரே இருந்தனர். யாழ்ப்பாணத்திலோ ஆசிரியர்களுக்குக் கதிரை போதவில்லை. தொண்ணூறுக்குப் பின் எல்லாம் தலைகீழானது. வேறொரு பாடசாலையில் கற்பிக்க விடும் ‘தற்காலிக இணைப்பு’ என்ற கடிதத்தோடு வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திறங்க, அதே வெள்ளவத்தைப் பாடசாலையில் ஐம்பத்தெட்டுப் பேர் வரவேட்டில் கையொப்பமிட்டனர். ஆசிரியர் அறையில் இடமில்லாதோர் மாடிப்படிகளில் இருந்து கொப்பிகளைத் திருத்தினர். தங்கள் பதிவேட்டைப் புரட்டினால், போர் எந்த ஆண்டில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரியும். மலையகத் தோட்டப் பாடசாலைகளின் பக்கம் மட்டும் எந்த ஆண்டிலும் நிரம்பவில்லை.

அக்காலத்தில் ஒரு தவறு நடந்தது. அதைச் செய்தவர்கள் நாமே. இணைப்பில் வந்தோரின் சம்பளம் பழைய பாடசாலையின் பெயரிலேயே போனதால், அவர்கள் அங்கேயே கற்பிப்பதாக ஆண்டுதோறும் எழுதினோம். தாளில் நிறைவு, வகுப்பில் வெறுமை. வெற்றிடம் இல்லாத பாடசாலைக்குப் புதியவர்களை யார் அனுப்புவார்? ‘அங்கீகரித்தது’, ‘சேவையில்’ என்ற இரு நிரல்களுக்குப் பக்கத்தில், தாங்கள் பென்சிலால் மூன்றாவது நிரல் ஒன்றை இழுத்தீர்கள்: ‘வகுப்பில் நிற்போர்’. வவுனியாவில் செட்டிகுளம் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு எதிரே பதினொன்று, பதினொன்று, மூன்று என்று இருந்தது. பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

1996இல் அமைச்சு புதிய விவரம் கேட்டபோது, பென்சில் நிரலை மையால் எழுதி, வெள்ளவத்தையில் நின்ற இணைப்பு ஆசிரியர்கள் இருபத்தேழு பேரின் பெயர்ப்பட்டியலையும் தயாரித்தீர்கள். செய்தி கசிந்தது. பின்னேரமே ஆசிரியர்கள் சிலர் பணிமனைக்கு வந்துவிட்டனர். அவர்களுக்கு முன்னால் நின்ற இரத்தினம்மா ரீச்சர் சொன்னது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது.

“நாகேந்திரம் அண்ணை, எங்களைச் செல்லடிக்குள்ள அனுப்பிப்போட்டு நீங்கள் ஃபானுக்குக் கீழ இருந்து பென்சில் சீவுங்கோ. உங்கட மனுசியும் இணைப்பிலதானே நிக்கிறா? அவவின்ர பேர் எங்கை?”

“முதலாவது பேர் அவவின்ரதான்” என்றீர்கள்.

“வீட்டில சொல்லிப்போட்டீங்களோ?”

“இன்னும் இல்லை.”

எங்கள் பணிமனைக் கிளறன்ஸ்தான், “சேர், இண்டைக்குச் சைவக் கடையில சாப்பிட்டிட்டு வீட்ட போங்கோ” என்றார். கோபத்தோடு வந்தவர்களிலும் சிலர் சிரித்தனர்.

மறுநாள் காலை தங்கள் துணைவியார் பாலேஸ்வரி ரீச்சர் நேரே பணிமனைக்கு வந்தார். பட்டியலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே வாசித்தார். சண்டை வரும் என்று நினைத்து நாம் தட்டச்சை நிறுத்தினோம்.

“கணிதம் எண்டு பாடத்தையும் பக்கத்தில போடுங்கோ” என்றார். “எங்கட செட்டிகுளத்துப் பள்ளிக்கூடத்தில கணக்குக்குத்தான் ஆளில்லை.”

தாங்கள் போட்டீர்கள். பட்டியல் போனது.

அன்று தங்களைக் கல்நெஞ்சர் என்று ஏசியவர்களில் நாமும் இருந்தோம். இம்மடலில் ஒப்பமிடுவோர் இருவரின் துணைவியரும் அந்த இருபத்தேழு பேரில் அடக்கம். அதை இந்த மேடையில் மறைப்பது தங்கள் பதிவேட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஒன்பது பேரைத் திரும்பிப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. எழுவர் மேன்முறையீடு செய்து தங்கிவிட்டனர். அந்த ஏழு முறையீடுகளும் தங்கள் மேசையைத் தாண்டியே மேலே போயின. எட்டாவதாக ஒன்றை வைக்கத் தங்களுக்கு ஒரு தாள் போதும், வைக்கவில்லை. 1997 தை மாதம் பாலேஸ்வரி ரீச்சர் செட்டிகுளம் போக வவுனியா ரயில் ஏறினார். அன்றுமுதல் தவணைக்கு ஒருமுறைதான் இருவரும் சந்தித்தீர்கள். கொட்டாஞ்சேனைக் கோயில் மணி ஆறு அடித்த பின்னும் ஆளணிப் பகுதியில் விளக்கு எரிந்ததன் காரணத்தை நாம் அறிவோம். வெள்ளவத்தை வீட்டில் தங்களுக்காகக் காத்திருக்க எவரும் இல்லை.

அந்த மேசையையும், சீவிச் சீவிக் கட்டையான பென்சிலையும், ‘எத்தனை பேர்?’ என்று கேளாமல் ‘எத்தனை பேர் நிக்கினம்?’ என்று கேட்கும் தங்கள் குரலையும் இனி நினைவில்தான் வைத்திருப்போம். தாங்களும் துணைவியாரும் நோயின்றி நெடுநாள் வாழ்க. அந்த நாள்களை ஒரே வீட்டில் வாழ்க.

செட்டிகுளம் பக்கத்துப் பாடசாலையில் 1996இல் வகுப்பில் நின்றோர் மூவர். இன்று ஐவர். நாளைக் காலை ரயிலில் தாங்கள் அங்கே போகிறீர்கள். ஆளணிப் பகுதியில் தங்கள் இடத்துக்கு இன்னும் எவரும் நியமிக்கப்படவில்லை.

இவ்வண்ணம்,
பணிமனை ஊழியர்கள் பதின்மூவர்
கொழும்பு, 30.06.1999