‘வர்றேன்’ என்று சொன்ன காவலாளி

மணி மூன்று பத்து. மத்தியானம்தான், ராத்திரி இல்லை. ஆள் அரவமே இல்லாத ஒரு சாலை... இரண்டு பக்கமும் காய்ந்த புல். சாலை முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பின்னால், புகைபோக்கி பாதி இடிந்த ஓர் ஆலை. காற்று ஊளையிடுகிறது. நீங்கள் நடக்கிறீர்கள். சரளைக்கல் உங்கள் காலுக்கடியில் நொறுங்குகிற சத்தம் உங்களுக்கே கேட்கிறது...

அந்தச் சாலையில் எப்போது போனாலும் மணி மூன்று பத்துதான். ஏனென்றால் அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சாலை.

சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கூட்டத்தில் இன்றைக்கு வராமல் போனானே, அவனுடைய சித்திக்கு நடந்தது இது. அவன்தான் என்னிடம் சொன்னான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னான்.

‘ஆலை’ என்று ஒரு கேம். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பதினோரு காவலாளிகளைச் சுட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் கதை. இருபது வருடத்துக்கு முன்னால் அதை ஆடாத பிள்ளைகள் இல்லை. அதில் எல்லோருக்கும் பிடித்தவன் வாசல் காவலாளி. அவனைச் சுட்டால் மற்றவர்களைப் போல அலறிவிட்டுச் சும்மா விழமாட்டான். முழங்கால் மடிந்து, ஒரு மூச்சு விட்டு, மெதுவாக ஒரு வார்த்தை சொல்வான்.

“வர்றேன்.”

விருந்துக்கு வந்தவர் கிளம்புகிற மாதிரி... அத்தனை சாதாரணமாக. அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் அவனைத் திரும்பத் திரும்பச் சுட்டார்கள். யாருடைய மூளையில் உதித்த யோசனையோ, மேதை அய்யா என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

அது யோசனையே இல்லை. சித்திக்கு மட்டும்தான் தெரியும்.

கேம் செய்த கம்பெனி ஒரு சலவைக் கடைக்கு மேலே, மாடியில் மூன்று அறை. எந்நேரமும் சூடான இஸ்திரி வாசனை. சித்திக்குச் சத்தங்களைப் பதிவு செய்து வெட்டி ஒட்டுகிற வேலை. பாட்டிலின் வாயில் ஊதித்தான் அந்தச் சாலையின் காற்றை உண்டாக்கினாள். காவலாளிகளின் குரலுக்கு ஆள் வைக்க வசதியில்லை; தன் தம்பியை இழுத்து வந்தாள். ஒரு பழைய மர அலமாரியைக் காலி செய்து, உள்ளே நான்கு கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் அவனை நிறுத்தினாள். பதினோரு காவலாளிக்கும் அவன்தான் குரல். பதினோரு சாவும் அவனே செத்தான்.

“இன்னும் எத்தனை தடவைக்கா சாகணும்? பசிக்குது.”

“வாயை மூடிட்டு இன்னொரு தடவை சாவுடா.”

கடைசி நாள் வேலை முடிந்ததும் அலமாரியிலிருந்து வேர்த்து வழிய இறங்கினான். மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “அக்கா, வர்றேன்” என்றான். சித்தியின் ஹெட்போனில் வேறொரு டேப் ஓடிக்கொண்டிருந்தது; கண் ஒலி மீட்டரின் முள்ளில். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்பைப் போடுகிற சத்தம், கதவு...

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு லாரி அவன் ஸ்கூட்டரின் மேல் ஏறிவிட்டது.

மூன்று வாரம் கழித்து டேப்பை வெட்ட உட்கார்ந்தபோதுதான் அந்த இரண்டு வார்த்தை அவளுக்குக் கேட்டது. வெட்டி எறிய மனம் வரவில்லை. ‘அக்கா’வை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, ‘வர்றேன்’ என்பதை வாசல் காவலாளியின் சாவோடு ஒட்டினாள். எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

நாம் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்புவதில்லை, இல்லையா? ‘வர்றேன்’ என்போம். வீட்டில் இருப்பவர்கள் ‘போயிட்டு வா’ என்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் கால் வாசலைத் தாண்டும். அந்த ஒரு பதிலைச் சித்தி சொல்லவில்லை. தம்பி பதில் கேட்காமலேயே படியிறங்கிவிட்டான். பிறகு ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் லட்சம் தடவை, கோடி தடவை ‘வர்றேன்’ சொன்னான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த கேமில் கையில் துப்பாக்கி மட்டும்தான் இருக்கும்.

இருபது வருடம் ஓடியது. சித்தி அதே கம்பெனியில்தான் இருந்தாள். தனி ஆள், வேலை விட்டால் வீடு. கம்பெனி தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் முதலாளி எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்.

“ஆலைக்கு ரெண்டாம் பாகம் எடுக்கிறோமா, இல்ல கடையைச் சாத்துறோமா? அது ஒண்ணுதான் கேள்வி. குரல் எல்லாம் மேடத்தோட தம்பியோடது. டேப்பும் அவங்க வீட்டுலதான் இருக்கு. அதனால அவங்க சரின்னு சொன்னாத்தான் சரி.”

புரோகிராம் எழுதுகிற பெண் ஒருத்தி இருந்தாள். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி’. முதல் பாகம் வந்தபோது அவளுக்கு நாலு வயது. அவள்தான் துள்ளினாள்.

“எடுத்தே ஆகணும் சார். பழசு புது மெஷின்ல ஓடவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வருஷம் போனா ஆலைன்னு ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது.”

“தெரியாமப் போகட்டுமே” என்றாள் சித்தி. “எல்லாத்துக்கும் ரெண்டாம் பாகம் வேணுமா என்ன? அந்தக் காவலாளிக்கு மூஞ்சியே கிடையாது. நாலு கட்டத்தை ஒட்டி வச்சிருந்தோம். மூஞ்சி இல்லாததாலதான் பயமா இருந்தது. நீங்க அவனுக்குக் கண்ணு, காது, தாடி மயிர் வரைக்கும் வரைஞ்சு வைப்பீங்க. அப்புறம் பயப்பட என்ன மிச்சம் இருக்கும்?”

“அப்ப நானும் மூஞ்சி இல்லாமப் பொறந்திருந்தா என்னைப் பார்த்தும் பயந்திருப்பீங்க, மேடம்.”

“மூஞ்சி இல்லாட்டி கண்ணாடியை எங்க மாட்டுவே?” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கத்தான் இருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடி அதைச் சொன்னாள்.

“மேடம், இதுல காவலாளிகளுக்குக் காது உண்டு. நாம மைக்ல பேசினா அவங்களுக்குக் கேட்கும். ‘யாரது?’ன்னு கேட்டா ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கலாம். அவங்களும் திருப்பிப் பேசுவாங்க. உங்க பழைய டேப்பை வச்சு மெஷின் அதே குரல்ல புதுசா பேசும்.”

சித்தி எழுந்திருக்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பேசினாலும் கேட்குமா?”

“கேட்கும்.”

“சாகும்போதும்?”

“சாகும்போதும்தான். ஏன் மேடம்?”

“ஒண்ணுமில்ல” என்றாள் சித்தி. “எடுங்க. டேப்பை நாளைக்குக் கொண்டு வர்றேன்.”

ஒரு கேமுக்கு இரண்டாம் பாகம் தேவையா, தேவையில்லையா என்று ஊரே மாறி மாறி எழுதித் தள்ளியது. ஒரு பெண் தன் தம்பிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக அது எடுக்கப்படுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

பதினான்கு மாதம் வேலை நடந்தது. புது ஆலை தயாரானது. சரளைக்கல் தனித்தனியாகத் தெரிந்தது. புல் காற்றில் அசைந்தது. வாசல் காவலாளிக்கு முகம் வந்திருந்தது. தம்பியின் முகம் இல்லை, யாரோ ஒருவருடையது. அவன் முகம் மட்டும் வேண்டாம் என்று சித்தி கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தாள். ஒருவரும் இல்லை. கீழே சலவைக் கடையும் பூட்டியிருந்தது. ஹெட்போனை மாட்டி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். சாலையில் நடந்தாள். கதவருகே அவன் நின்றிருந்தான்.

“யாரது?”

தம்பியின் குரல்.

இருபது வருடத்தில் அவள் அவனை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் சுட்டால்தான் அந்த வார்த்தை வரும். துப்பாக்கியைத் தூக்கினாள்... இறக்கினாள்... மறுபடி தூக்கினாள்.

சத்தம். முழங்கால் மடிந்தது. ஒரு மூச்சு.

“வர்றேன்.”

“போயிட்டு வா” என்றாள் சித்தி. “போயிட்டு வாடா.”

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு காவலாளி எழுந்தான். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினான். தட்டுகிற மாதிரி எந்த அசைவையும் யாரும் அவனுக்கு எழுதி வைக்கவில்லை. அவளைத் தாண்டி, அவள் வந்த சாலையிலேயே நடந்தான். சரளைக்கல் சத்தம் சிறுத்துச் சிறுத்து... நின்றுபோனது.

சித்தி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுது தீர்த்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்கைக்கூட அணைக்காமல் தூங்கினாளாம்.

மறுநாள் வாசலில் காவலாளி இல்லை. ஒரு மெஷினில் மட்டுமல்ல, எந்த மெஷினிலும் இல்லை.

“மேடம், உங்க ஆளு லீவு சொல்லாமப் போயிட்டாரு” என்றாள் கண்ணாடி முதலில். சாயங்காலத்துக்குள் அவள் சிரிப்பு போய்விட்டது. திரும்பத் திரும்ப அவனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கேமைத் திறந்தால் வாசல் காலி. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியிட இன்னும் மூன்றே வாரம். தேதியை உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது.

சித்தி மட்டும் குனிந்து தன் வேலையைப் பார்த்தாள். என்னவென்று சொல்வாள்? ‘போ’ என்று சொல்லத்தான் அவள் அத்தனை வருடம் காத்திருந்தாள். ஆனால் நம் பாஷையில் வெறும் ‘போ’ என்று சொல்ல முடியாதே. போயிட்டு *வா* என்றுதானே சொல்லியிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம்... எல்லோரும் அவரவர் மெஷினில் இருந்தார்கள். திடீரென்று எல்லா மெஷினிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. திரையில் யாரும் இல்லை. காலி வாசல். குரல் மட்டும்.

“அக்கா, வந்துட்டேன்.”

எல்லோரும் திரையிலிருந்து நிமிர்ந்தார்கள். பிறகு யாரோ கை தட்டினார்கள்.

“செம!” என்றாள் கண்ணாடி. “மெஷின் தானாவே ஒட்டிப் பேசுது, சார்! ஆனா அது யாரை அக்கான்னு கூப்பிடுது?”

“யாரையோ கூப்பிட்டுட்டுப் போகட்டும். அப்படியே விடு” என்றார் முதலாளி. “காலி வாசல், வெறும் குரல்... பழசைவிட இது நல்லா இருக்கு.”

சித்தி எழுந்தாள். “அதை எடுத்துடுங்க. கேமையே நிறுத்துங்க. நான் டேப்பைத் தந்திருக்கவே கூடாது. உங்க கால்ல வேணா விழறேன்.”

முதலாளி அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “உட்காருங்கம்மா. காலையிலேயே கேமை வெளியீட்டுக்கு அனுப்பியாச்சு. இனிமே நானே நினைச்சாலும் நிறுத்த முடியாது.”

கண்ணாடிக்கு மனசு கேட்கவில்லை. அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று மாலைவரை தேடினாள். எங்கேயும் இல்லை. “இல்லாததை எப்படி மேடம் அழிக்கிறது?” என்றாள். கடைசியில், மெஷினிலிருந்து மறுபடி வந்த சத்தத்தை அப்படியே பதிவு செய்து சித்தியிடம் கொடுத்தாள். “நீங்களே கேட்டுப் பாருங்க. உங்க காதுக்குத் தெரியும்.”

சித்தி ஹெட்போனை மாட்டினாள்.

சத்தத்தோடு வேலை செய்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். எந்த அறையும் முழு அமைதியாக இருக்காது. யாரும் பேசாதபோதும் ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஓர் ஓசை உண்டு, ஆளுக்கு ஆள் வாசனை இருக்கிற மாதிரி. கம்பளி தொங்கிய அந்த அலமாரியின் ஓசை சித்திக்கு மனப்பாடம். அதுதான் குரலுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்தாள்.

அது இல்லை.

சத்தத்தைக் கூட்டினாள். ஒரு மின்விசிறி... ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. ஒரு ஃபிரிட்ஜ் உறுமி, குலுங்கி, நிற்கிறது. எங்கேயோ குழாய் சொட்டுகிறது. மூன்று சொட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று சொட்டு. அந்தக் குழாயைச் சரி செய்ய ஆள் வரச் சொல்ல வேண்டும் என்று அன்று காலையில்கூட நினைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

“அக்கா, வந்துட்டேன்” என்றது குரல்.

செருப்பைக் கழற்றுகிற சத்தம். யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிறார்கள். வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி நடந்து வருகிறது. ஒரு பெண்ணின் குரல், சந்தோஷமாக:

“வந்துட்டியா? எவ்வளவு நேரம்டா உனக்கு... வா, உள்ள வா.”

அது சித்தியின் குரல். அந்த வார்த்தைகளை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பதிவு அதோடு முடியவில்லை. கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் இருந்தது.