மியூசியத்துக்கு ஒரே வாசல்

அந்தக் குழாயை மூடாதீங்கக்கா. ஓடட்டும். தண்ணி வீணாப் போகுதுன்னு தெரியுது, ஆனா சத்தம் இருந்தாத்தான் என்னால பேச முடியும். ஐயோ, பைத்தியமெல்லாம் இல்லக்கா. பயம்.

வாசல் பெஞ்சுல நீலச் சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல? அவருதான் என் வீட்டுக்காரர். ஆமா, சிரிச்ச முகம்தான். வெளியில தங்கமான மனுஷன், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள தாழ்ப்பா விழுந்ததும் வேற ஆளு. இந்தக் காது ஓரத்துல பாருங்க... வேணாம், தொடாதீங்க, இன்னும் வலிக்குது. என்னை அடிக்கறது பழகிப்போச்சுக்கா. அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனா நேத்து புள்ளை மேல கை வெச்சிட்டாரு. ஏழு வயசுப் பொண்ணு. பால் கொட்டிட்டாளாம். சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நின்னா, அழக்கூட இல்ல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இனி அவ அந்த வீட்டுல படுக்கக்கூடாதுன்னு.

போலீஸா? போயிருக்கேனே. உக்கார வெச்சாங்க, தண்ணி குடுத்தாங்க, அனுசரிச்சுப் போம்மான்னு சொல்லி அவரையே வரவழைச்சு அவரு கூடவே அனுப்பி வெச்சாங்க.

தனியா எங்கயும் விடமாட்டாரு. லீவு நாள்ல மட்டும் குடும்பத்தோட வெளிய கூட்டிட்டு வருவாரு, அதுவும் பக்கத்துலயே. இந்த மியூசியம்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய சாமான் மேல ஆசைன்னு நெனைச்சீங்களா? ஒரு நாள்கூட உள்ள வந்து எட்டிப் பாத்ததில்ல. இதுக்கு ஒரே வாசல்தான்க்கா. அங்க உக்காந்துட்டா கண்கொத்திப் பாம்பாட்டம் காவல் இருக்கலாம். அந்த உடைஞ்ச பானையையும் பஞ்சு அடைச்ச கரடியையும் நாங்க எத்தனை தடவைதான் பாக்கறது? அந்தக் கரடிக்கே எங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கும்.

ஆனா போன தடவை ஒண்ணு கவனிச்சேன். இந்த பாத்ரூமைத் தாண்டினா, சாமான் ஏத்தி இறக்க ஒரு பின்கதவு இருக்கு. அன்னிக்குத் தொறந்தே கெடந்துச்சு. இன்னிக்கு அது வழியா ஓடிடலாம்னு புள்ளையோட வந்து பாக்கறேன், இத்தாம்பெரிய பூட்டு தொங்குது. இருங்க... செருப்புச் சத்தம். இல்ல, பெருக்கறவங்க.

நீங்க இங்கேர்ந்து நாடகத்துக்குத்தானே போறீங்க? கரடிகிட்ட நின்னு நீங்க கூட்டிட்டு வந்த பசங்க கத்திக்கிட்டிருந்தாங்களே, அப்பதான் காதுல விழுந்துச்சு. சாமியே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சுக்கா. அந்த நாடக அரங்கு வாசல்ல டிக்கெட் கிழிக்கறது என் தங்கச்சி. கண்ணாடி போட்டிருப்பா, ஆளு ஒல்லி, குரல் மட்டும் ஊரைத் தூக்கும். அவகிட்ட நான் பேசியே எத்தனையோ நாளாச்சு, இவரு விடலை. ஆனா புள்ளையைப் பாத்தாப் போதும், நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேணாம், நான் எங்க இருக்கேன்னு புள்ளையே சொல்லிடுவா. மேடை சாமான் தூக்கற ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு என்னைத் தேடி இங்கயே வந்து நிப்பா. அதுவரைக்கும் நான் கரடியைச் சுத்திக்கிட்டு இருக்கேன்.

நானும் வரலாமேன்னா? எப்படிக்கா? அவரு கண்ணு என் மேலதான். புள்ளைக்கு வயித்து வலி, பாத்ரூம்ல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். பொம்பளைங்க பாத்ரூமுக்குள்ள வரமாட்டாரு. நாலு பேர் பாப்பாங்கல்ல, பேரு கெட்டுரும்.

அவ மட்டும் அவரைத் தாண்டி எப்படிப் போவாளா? அது... அது வந்துக்கா, கோவிச்சுக்காதீங்க. தொலையாம இருக்கணும்னு உங்க பசங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சத் தொப்பி போட்டு விட்டிருந்தீங்களே, அதுல ஒண்ணு கரடி காலடியில கெடந்துச்சு. எடுத்து அவ தலையில வெச்சு காது வரைக்கும் இழுத்து விட்டேன். நீங்க இங்க வந்தப்புறம் உங்க வீட்டுக்காரர் பசங்களை வரிசையாக் கூட்டிட்டுப் போனாரு. அந்த வரிசையில நடுவுல சொருகிட்டேன். அவரும் தொப்பியைத்தான் எண்ணினாரு, தலையை எண்ணலை. தூணுக்குப் பின்னாடி நின்னேன், எனக்கு உசுரே இல்ல. இவரு பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சாருக்கா. போச்சுன்னு நெனைச்சேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு, பாத்துப் போங்க பசங்களான்னாரு. பெத்த பொண்ணு உரசிக்கிட்டுப் போறா, தெரியலை. என்னிக்கு அவ முகத்தை நிமிந்து பாத்தாரு, தெரியறதுக்கு?

கேட்டுட்டுச் செய்யணும்தான். கேட்டிருந்தா யோசிச்சிருப்பீங்க. நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன். இப்ப உங்க வண்டியில உக்காந்திருக்கா. நீங்க போங்கக்கா, ஒண்ணும் தெரியாத மாதிரி போங்க. வழியில அம்மா எங்கன்னு கேட்டான்னா, பின்னாடியே வர்றான்னு சொல்லிடுங்க. நானும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கேன்.