வெண்டலுக்கு இரவல் கொடுத்த வேகமானி

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி கொடுத்த காசுக்குத் தகுமா என்று இந்த ஊரில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. தகும் என்றுதான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். சுட்ட தோட்டாக் கூட்டில் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்புகிறவன் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறான். ஆனால் குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று தெரியாவிட்டால், உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்குகிறவன்தான் அவன். துணை ஷெரிஃப் மேடம், நீங்களும் அதையே முதலில் கேட்டீர்கள். உங்கள் தந்தை தோட்டா நிரப்புகிறவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வெண்டலுக்கு அந்தக் கருவியைக் கண்டாலே இளக்காரம். "டேய் மெர்ல், மான் என்ன வேகக் கணக்குப் பாத்தா சாகுது? குண்டு பட்டா சாகுது" என்பான், ஊர் உணவகத்தில் நாங்கள் கூடும் காலை உணவு மேசையில் எல்லாருக்கும் கேட்கும்படி. மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவன், அவனிடம் ரோஷம் பார்க்க முடியுமா?

யாம்பா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் அந்த மலையில் ஆண் எல்க் மானைச் சுட, குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழ வேண்டும். விழாத வருடத்துக்கெல்லாம் ஒரு புள்ளி சேரும். புள்ளி அதிகம் உள்ளவனுக்கே முதலிடம். நாங்கள் இருவரும் தலை நரைக்கும் முன்பிருந்தே சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். சேர்ந்து போட்டால், யாருக்குப் புள்ளி குறைவோ அவன் கணக்குதான் இருவருக்கும். என் மனைவி டோரின் சாகக் கிடந்த வசந்தத்தில் நான் விண்ணப்பிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு புள்ளி குறைந்துபோனது. அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வெண்டல் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "புள்ளி கெடக்குது விடு. நீ எப்ப வர்றியோ அப்பதான் நானும் வருவேன்."

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை மேடம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு நாட்களைத் தள்ளினேன்.

இந்த ஜூன் மாதம் அவன் மேசைக்கு வந்தான். பிஸ்கட் ரொட்டியைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

"மெர்ல், சீட்டு விழுந்துருச்சுடா. இந்தத் தடவ தனியாத்தான் போட்டேன். முழங்கால் ரெண்டும் போயிட்டிருக்கு. இன்னும் உனக்காகக் காத்திருந்தா மலைய படத்துலதான் பாக்கணும். கோவிச்சுக்காத."

"இதுல கோவிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"அதானே. ஒன்னோட அந்த மெஷினக் கொஞ்சம் குடேன். தூரத்துல சுடணும்னா வேகம் தெரிஞ்சாகணுமாம்."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்த பிறகு கத்தியைத் துடைக்க என்னிடமே துணி கேட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் தட்டில் இருந்த முட்டையைச் சாப்பிட்டு முடித்தேன். தருவதாகவும் சொன்னேன்.

என்னுடையது பழைய மாதிரிக் கருவி. ஒரு கம்பியின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு கண்கள் இருக்கும். முதல் கண்ணைத் தாண்டிய குண்டு இரண்டாவதைத் தாண்ட எவ்வளவு நேரமாகிறதோ, அதை வைத்து வேகத்தைச் சொல்லும். இரண்டுக்கும் இடையே சரியான தூரம் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பின்கண்ணைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முடுக்கினேன். அவ்வளவுதான். அவன் மருந்தையோ தோட்டாவையோ துப்பாக்கியையோ நான் தொடவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படித் தள்ளினால் கருவி வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதை நம்பிக் குறி வைக்கிறவனின் குண்டு மானின் முதுகுக்கு மேலே போகும். அவன் மலையேறிப் போய், தவறவிட்டு, வெறுங்கையோடு வர வேண்டும். நான் நினைத்தது அது மட்டும்தான்.

ஜூலையில் போனில் கூப்பிட்டான். "புத்தகத்துல போட்டிருக்கிற வேகம் வரமாட்டேங்குதே."

"சில குழல் அப்படித்தான், சோம்பேறிக் குழல். மருந்தக் கொஞ்சம் கூட்டிப் பாரு."

கூட்டினான். மறுபடியும் கூப்பிட்டான். "இப்பவும் வரல. போல்ட் வேற தெறக்க மாட்டேங்குது, கையால தட்ட வேண்டியிருக்கு."

சுட்ட பிறகு தோட்டா அறையின் தாழான போல்ட் திறக்காவிட்டால், தோட்டா நிரப்பும் யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். உள்ளே அழுத்தம் எல்லை மீறிவிட்டது, உடனே நிறுத்து என்று அர்த்தம். வெண்டலுக்கும் தெரியும். ஆனால் கருவி வேறு சொன்னது. கருவியை அறிந்தவன் நான் என்பதால் என்னிடம் கேட்டான்.

"அழுக்கா இருக்கும். தொடச்சு எண்ணெ போடு. மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

"இத்தன வருஷம் அதக் கிண்டல் பண்ணதுக்கு மன்னிச்சுக்கடா" என்றான் அவன். அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

துப்பாக்கி வெடித்துச் சிதறி வெண்டல் செத்தது விபத்து என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். வீட்டில் தோட்டா நிரப்பும் கிழவன், மருந்தை அளவு தெரியாமல் போட்டுக்கொண்டான் என்று. அது தவறு. அளவு விஷயத்தில் வெண்டல் கவனமானவன். செத்தவன் மேல் பொய்யை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

அன்று காலை சுடுமைதானத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவன் பெஞ்சில் உட்கார்ந்து தோட்டாவை உள்ளே தள்ளினான். நான் என் வண்டிக்கு அந்தப் பக்கம், இன்ஜினை ஒட்டி நின்றேன்.

"ஏன்டா அங்க போயி நிக்கிற? பக்கத்துல வந்து நம்பரப் படி."

"வெயிலா இருக்கு" என்றேன்.

"கெழவனாயிட்ட." சிரித்துவிட்டு, திரும்பாமலே பேசினான். "நேத்து அந்தச் சீட்டத் திருப்பிக் குடுத்துட்டேன் மெர்ல். புள்ளி திரும்ப வந்துரும். ஒத்தையா அந்த மலைல யாரோட சண்ட போடுறது? அடுத்த வருஷம் சேந்தே போடுவோம். அதுக்குள்ள இந்தத் தோட்டா மட்டும் சரியாயிடட்டும்."

பிறகு துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தான். விசையில் விரலைச் சேர்க்குமுன் அவன் நிதானமாக மூச்சு விடுவான், அது அவன் வழக்கம். நிறுத்தச் சொல்ல அவகாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கட்டையில் கன்னம் வைத்துவிட்டவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் மைதானத்தின் விதி, மேடம். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.